பிறந்த ஊர் என்ற கட்டம்

தருமபுரி மாவட்டம் உருவானது 1965 அக்டோபர் 2. சேலத்திலிருந்து பிரித்தார்கள். மறுநாள், அக்டோபர் 3, நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையடியில் மேசை போட்டு உட்கார்ந்து, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கையெழுத்துகள். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இருக்கும் என் கடை மேசையில் இரண்டும் அடிக்கடி சந்தித்துக்கொள்கின்றன.

நான் பத்திர எழுத்தர். ஊரில் ‘ரைட்டர்’ என்பார்கள். அப்பாவும் ரைட்டர்தான். அவர் காலத்தில் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, இவ்வளவோடு வேலை முடிந்தது. என் காலத்தில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிற பிள்ளைகளுக்காகப் பெற்றோர் கொண்டுவரும் காகிதக் கட்டும் சேர்ந்துகொண்டது. பழைய பத்திரத்துக்கு நகல் மனு, வில்லங்கச் சான்று, பட்டா, பிறப்புச் சான்று, அது இல்லாவிட்டால் ‘இல்லை’ என்பதற்கு ஒரு சான்று. அந்தக் கட்டைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது பிறந்த ஊர் என்ற கட்டத்தை.

எங்கள் பக்கம் அந்தக் கட்டம் லேசுப்பட்டதில்லை. 1964ல் பாலக்கோட்டில் பிறந்தவருக்குப் பிறந்த மாவட்டம் சேலம். அவர் தம்பி 1967ல் அதே வீட்டில், அதே திண்ணையறையில் பிறந்திருந்தால் தருமபுரி. ஓசூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம்: அப்பா சேலம் மாவட்டம், மகன் தருமபுரி மாவட்டம், 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு பிறந்த பேரன் கிருஷ்ணகிரி மாவட்டம். மூவரும் ஒரே தெரு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியே நகராமல் உட்கார்ந்த இடத்தில் மூன்று மாவட்டம் பார்த்த ஊர். பாஸ்போர்ட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் பெற்றோர் பதறிப்போய் வருவார்கள். மாவட்டம் மாறியது அரசாங்கத்தின் வேலை, உங்கள் வேலையில்லை என்று சொல்லி அரசாணை விவரத்தோடு ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுப்பேன். அது பெரும்பாலும் போதும்.

மாவட்டத்தை அமெரிக்கா பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்கு வேண்டியது நாடு. அந்த ஒரு சொல்லில்தான் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அடங்கியிருக்கிறது. இன்றைக்கு எந்த நாட்டுக் குடிமகன் என்பதல்ல கணக்கு, எந்த மண்ணில் பிறந்தான் என்பதே. லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டாலும் காரிமங்கலத்தில் பிறந்தவன் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும்.

2023 ஜனவரியில், பாலக்கோடு பக்கம் மாந்தோப்பும் தக்காளிக் காடும் வைத்திருந்த ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். பெயர் வேண்டாம். மகன் அமெரிக்காவில் கணினி வேலை, எச்1பி விசா. கம்பெனி மூலம் போட்ட கிரீன் கார்டு மனு வரிசையில் கிடக்கிறது. வேலை வழி கிரீன் கார்டு ஆண்டுக்கு சுமார் 1,40,000. அதில் பட்டதாரி நிபுணர்களுக்கான பிரிவுக்கு ஏறக்குறைய 40,000. ஒரு நாட்டுக்கு உச்சவரம்பு 7 சதவீதம். ஆக இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தப் பிரிவில் 2,800 சொச்சம், அதிலும் மனைவி மக்கள் அடக்கம். காத்திருக்கும் இந்தியர்கள் எல்லாப் பிரிவிலும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேல். பையன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். தன் ஓய்வு வயதுக்குப் பிறகுதான் முறை வரும் என்று தெரிந்துவிட்டது. அதனால் முதலீட்டு வழியில் போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறான்.

“எட்டு லட்சம் டாலராம் ரைட்டரே. இங்க ஒரு காட்டை வித்து நான் பாதி தரேன். மீதியை அவன் சேமிப்பும் வீட்டு மேல கடனுமா பாத்துக்குவான். ஆனா காட்டு விலை முழுசையும் வெள்ளையில காட்டணுமாம்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க முதலீட்டு விசாவான இபி-5க்குப் பணம் மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பணம் பிறந்த கதையும் வேண்டும். நிலம் விற்ற பணமென்றால் விற்ற பத்திரம், வங்கிக்கு வந்த வரவு, நிலம் எப்படிக் கைக்கு வந்தது, அதற்கு முன் யாரிடமிருந்தது என்று தாய்ப்பத்திரம் வரை நீளும். எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். இடித்தது வேறு இடம்.

நிலம் அதியமான்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் சாலையை ஒட்டி. நாலுவழிச் சாலை வேலை தொடங்கியதும் விலை ஏறிவிட்டது. வாங்குகிறவர் மனை போட்டு விற்கிறவர். பேசிய விலை 3 கோடியே 40 லட்சம். வழிகாட்டி மதிப்பு 90 லட்சம். ஊர் வழக்கப்படி பத்திரத்தில் 90 லட்சம் எழுதி, மீதியைப் பையில் கொடுத்துவிடுவார்கள். அப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 4 சதவீதம், ஆக மொத்தம் 11. முழு விலையை எழுதினால் கூடுதலாக இரண்டரைக் கோடிக்கு 11 சதவீதம், இருபத்தேழரை லட்சம் கட்ட வேண்டும். கட்டுவது வாங்குகிறவர்.

“உங்க பையன் அமெரிக்கா போறதுக்கு நான் எதுக்குங்க அரசாங்கத்துக்கு அழணும்?” என்றார் மனைக்காரர். அவர் கேட்டது நியாயமில்லை என்று சட்டம் சொல்லும். பழக்கம் அவர் பக்கம்தான் நின்றது. இரண்டு டீ ஆனது. பெரியவர் எழுந்து வெளியே போய் மகனுக்குப் போன் போட்டார். அங்கே நடுராத்திரி. திரும்பி வந்து உட்கார்ந்து, “இருபத்தேழரையையும் விலையில கழிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடத் தொழிலில் முழு விலையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லி விற்கிறவரே காசு கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம் பதிவுத்துறை இத்தனை வருடம் சுற்றறிக்கை விட்டுச் செய்ய முடியாததை அமெரிக்கக் குடியேற்றத்துறை ஒரே படிவத்தில் செய்துவிட்டது என்று என் மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

அதோடு விடவில்லை. நகராட்சி எல்லைக்குத் தொலைவிலுள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நமக்கு அது சலுகை. அமெரிக்க வழக்கறிஞருக்கோ அது சந்தேகம்: மூன்று கோடி வந்திருக்கிறது, வரி கட்டிய ரசீது இல்லையே? நிலம் விவசாய நிலம்தான், இத்தனை கிலோமீட்டர் தள்ளித்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சான்று வாங்கி, பத்து வருட அடங்கல் நகல் எடுத்து, தணிக்கையாளர் கடிதத்தோடு அனுப்பினோம். தாய்ப்பத்திரம் 1958ல் எழுதியது, என் அப்பா கையெழுத்து. அந்தப் பத்திரத்தில் சொல்லும் நிலத்துக்கு முதலில் அளவுகண்டு கணக்கெழுதிய வேலையோ 1792ல் தொடங்கியது. திப்பு சுல்தானிடமிருந்து எங்கள் பகுதி அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய கையோடு கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இந்தத் தருமபுரிப் பக்கம் காடு காடாக அளந்து, ஒவ்வொரு குடியானவன் பேரிலும் தீர்வை எழுதினார்கள். ரயத்துவாரி என்ற அந்த வரிமுறைக்குத் தொட்டில் இது. வரி வாங்கப் போட்ட கணக்கு, விசா வாங்கப் போகும் என்று மன்றோ நினைத்திருக்க மாட்டார்.

இனி அந்தப் பக்கத்துக் கதை. காசு உள்ளவனுக்குக் கதவைத் திறப்பதும், பிறந்த மண்ணைப் பார்த்துக் கதவைச் சாத்துவதும் அமெரிக்காவில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் முதலில் அனுபவித்தவர்கள் சீனர்கள்.

1882ல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. ரயில் பாதை போட்டும் சுரங்கம் வெட்டியும் உழைத்த கூலிகளின் இனம் இனி உள்ளே வரக்கூடாது என்றது. ஆனால் வணிகர், மாணவர், ஆசிரியர், சுற்றிப்பார்க்க வருபவர் ஆகியோருக்கு விலக்கு. சான்றிதழ் காட்டி உள்ளே போகலாம். கூலிகளும் வணிகர் வேடம் போட்டு வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் 1893ல் ‘வணிகர்’ என்பதற்கு வரையறை எழுதினார்கள். நிலையான இடத்தில், தன் பெயரில், வாங்கி விற்பவராக இருக்க வேண்டும். ஊர் போய்த் திரும்புகிறவர், போவதற்கு முந்தைய ஒரு வருடம் கடை நடத்தத் தேவையானதைத் தவிர வேறு கைவேலை எதுவும் செய்யவில்லை என்று சீனரல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் கிரயப் பத்திரத்துக்கும் சாட்சி இரண்டு பேர்தான். ஆனால் எந்த ஜாதி என்று சட்டம் கேட்பதில்லை.

1915 வாக்கில் சாப்பாட்டுக் கடை முதலாளிகளையும் வணிகராக ஒப்புக்கொண்டார்கள். உடனே என்ன நடந்தது? சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் காசு போட்டுப் பங்காளிகளாகச் சேர்ந்து ஓட்டல் திறந்தார்கள். ஆளுக்குக் கொஞ்ச காலம் மேலாளர் பொறுப்பு, அந்தக் காலத்தில் அவர் வணிகர். அந்தஸ்து கிடைத்ததும் ஊருக்குப் போய் மனைவி மக்களை அழைத்துவரலாம். அமெரிக்க நகரங்களில் சீன ஓட்டல்கள் பெருகியதற்கு ருசி மட்டும் காரணமில்லை. முதலீடு போட்டால் குடும்பத்தோடு வரலாம் என்பது 1990ல் யாரோ புதிதாகக் கண்டுபிடித்த வழி என்று தரகர்கள் பேசும்போது எனக்கு இந்த ஓட்டல்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

நம்மவர்கள் முறை 1917ல் வந்தது. ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப் பிரதேசமாக்கிக் கோடு போட்டார்கள், இந்தியாவும் அதற்குள். 1923ல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையரல்ல, குடியுரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. உலகப்போரில் சீனா கூட்டாளியாகிவிட்ட வெட்கத்தில் 1943ல் விலக்குச் சட்டத்தை நீக்கிச் சீனர்களுக்கு ஆண்டுக்கு 105 இடம் கொடுத்தார்கள். சீன வம்சத்தவர் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் இந்த 105க்குள்தான். 1946ல் இந்தியாவுக்கு 100. நாற்பது கோடி ஜனத்துக்கு நூறு சீட்டு.

1965 சட்டம் இந்த இனக் கணக்கை ஒழித்தது. அதற்காக ஜான்சனை நானும் பாராட்டுவேன். ஆனால் ஒழித்த இடத்தில் எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு படி வைத்தார்கள். கிழக்கு அரைக்கோளத்தில் எந்த நாடானாலும் ஆண்டுக்கு 20,000. சமத்துவம் போலத்தான் தெரிகிறது. ஐஸ்லாந்துக்கும் அதே படி, இந்தியாவுக்கும் அதே படி. ரேஷன் கடையில் ஒரு ஆள் கார்டுக்கும் பன்னிரண்டு பேர் கார்டுக்கும் ஒரே அரிசி போட்டால் அது எப்படிச் சமம்? 1990ல் அந்தப் படி 7 சதவீதமாக மாறியது. அதே 1990 சட்டத்தில்தான் முதலீட்டாளர் பிரிவும் பிறந்தது: ஆண்டுக்குச் சுமார் 10,000 விசா, பத்து லட்சம் டாலர் போட வேண்டும், வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள பகுதி அல்லது கிராமம் என்றால் ஐந்து லட்சம் போதும், பத்துப் பேருக்கு வேலை உண்டாக வேண்டும்.

முதல் பதினைந்து வருடம் அதை யாரும் சீந்தவில்லை. 2008ல் அமெரிக்க வங்கிகள் படுத்து, கட்டடக்காரர்களுக்குக் கடன் கிடைக்காமல் போனதும், ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் ஓட்டல் மண்டபங்களில் கூட்டம் போட்டு முதலீட்டாளர்களைப் பிடித்தார்கள். நியூயார்க்கின் ஹட்சன் யார்ட்ஸ் கட்டடங்களுக்கே இப்படி நூறு கோடி டாலருக்கு மேல் வந்தது. பெய்ஜிங்கில் ஒரு பிளாட்டை விற்றால் ஐந்து லட்சம் டாலர் தேறும். ஆனால் சீன அரசு ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் மாற்ற விடாது. ஆகவே மாமன் மச்சான், சித்தி பிள்ளை, கூட வேலை பார்ப்பவர் என்று பத்துப் பேர் பெயரில் பத்துக் கணக்கு வழியாகப் பணம் போகும். அத்தனை பேருக்கும் காகிதம் தயாரித்த ரைட்டர் ஒருவர் அங்கேயும் இருந்திருப்பார். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

10,000த்தில் 7 சதவீதம் என்றால் ஒரு நாட்டுக்கு 700தானே, சீனர்கள் எப்படி அள்ளினார்கள் என்று கேட்கலாம். மற்ற நாட்டார் எடுக்காமல் மிஞ்சுவது, வரிசையில் மூத்தவருக்குப் போகும். 2014ல் மொத்தம் 10,692 விசாவில் 9,128 சீனாவில் பிறந்தவர்களுக்கு. அந்த ஆகஸ்டில் முதன்முறையாகச் சீட்டு தீர்ந்தது. 2015 மே மாதம் சீனாவுக்குக் கெடு தேதி போட்டார்கள்: 2013 மே 1க்கு முன் மனுப்போட்டவர்கள் மட்டும் வரலாம். அதிலிருந்து வரிசை நீண்டுகொண்டே போனது. வியட்நாம்காரர்களும் இந்தியர்களும் வரத் தொடங்க, சீனர்களுக்கு மிஞ்சுவதும் குறைந்தது. 2018ல் அமெரிக்க வெளியுறவுத்துறை அதிகாரி சொன்ன மதிப்பீடு, சீனாவில் பிறந்தவர் புதிதாகச் சேர்ந்தால் சுமார் 14 வருடம், இந்தியர் ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரு கொசுறு: தியானன்மென் சம்பவத்துக்குப் பின் அமெரிக்காவில் தங்கிவிட்ட சீன மாணவர்களுக்கு 1992ல் சிறப்புச் சட்டம் போட்டு கிரீன் கார்டு கொடுத்தார்கள். கொடுத்ததை ஈடுகட்ட, முதலீட்டுப் பிரிவில் சீனாவின் பங்கிலிருந்து ஆண்டுக்கு 700 வரை கழித்தார்கள். மாணவன் வாங்கிய கடனை இருபது வருடம் கழித்து முன்பின் தெரியாத முதலாளி கட்டினான்.

பதினான்கு வருடம் என்பது முதலீட்டாளருக்கு வெறும் காத்திருப்பு. அவர் பிள்ளைக்கு அப்படியில்லை. மனுப்போடும் காரணமே பெரும்பாலும் பிள்ளைதான். 21 வயது தாண்டினால் பெற்றோரின் விசாவோடு வர முடியாது. மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதில் கழித்துக்கொள்ள 2002 சட்டம் ஒன்று இடம் கொடுக்கிறது. ஆனால் பரிசீலனை முடிந்து முறைக்காகக் காத்திருக்கும் காலத்துக்குக் கழிவு இல்லை. பத்து வயது மகளுக்காகக் கட்டிய ஐந்து லட்சம் டாலர், கடைசியில் அப்பாவையும் அம்மாவையும் மட்டும் அமெரிக்காவில் கொண்டுபோய் இறக்கிய கதைகள் உண்டு. இதைவிட மோசமாகக் கனடாவில் நடந்தது. 2014ல் முதலீட்டாளர் திட்டத்தையே மூடி, வருடக்கணக்காகக் காத்திருந்த பல்லாயிரம் மனுக்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் பெரும்பாலோர் சீனர்கள்.

இந்தியாவுக்கு இபி-5ல் கெடு தேதி வந்தது 2019 ஜூலையில். அந்த நவம்பரில் தொகையை ஐந்து லட்சத்திலிருந்து ஒன்பதாக்கினார்கள். அதற்குள் போட்டுவிட வேண்டும் என்று இங்கிருந்து ஒரு ஓட்டம். பிறகு நீதிமன்றம் அந்த உயர்வை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் புதுச் சட்டம் வந்து எட்டு லட்சத்தில் நின்றது. அதில் ஒரு ஜன்னல் வைத்தார்கள். மொத்த விசாவில் 20 சதவீதம் கிராமப்புறத் திட்டங்களுக்குத் தனி வரிசை. புதிதாகப் போடுகிறவருக்கு மட்டும் அது. 2015ல் பணம் கட்டிய சீனர், பழைய வரிசையில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், மறுபடி பணம் கட்டினால் ஒழிய. பாலக்கோட்டுப் பெரியவரின் மகன் நுழைந்தது இந்த ஜன்னல் வழியாகத்தான். நம் ரிசர்வ் வங்கி ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் அனுப்ப அனுமதிக்கிறது. பெரியவர் தந்த பங்கு, அப்பா, அம்மா இருவர் பெயரில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு ஒரே நிதியாண்டில் அடங்கியது. அந்த அக்டோபரிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 20 சதவீதம் முன்வரி என்று வந்தது. அதற்கு முன்பே அனுப்பிவிட்டோம்.

இதே தருமபுரியில் காசே இல்லாமல் வரிசையைத் தாண்டிய ஒரு வீடும் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல இலங்கை வரை போய்வர வேண்டும்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் கிராமம் கிராமமாக வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். ராமநாதபுரம் கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியே கண்டிச் சீமைக்கு மறுபடி நடை. நடுவழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு வந்தது. எண் பொறித்த ஒரு தகடு, கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ள வேண்டும். அந்த எண் எந்தத் தோட்டத்துடையதோ, ஆள் அங்கே போய்ச் சேருவான், பார்சல் போல. விசா என்று அப்போது எதுவுமில்லை. வரிசையும் இல்லை. கூலிக்கு அன்றைக்கு இலங்கை வாசல் திறந்துதான் இருந்தது. 1906ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை, அதுவும் பஞ்ச நிவாரணக் கணக்கில் போட்டது. பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கும். 1941ல் அதைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னும் திரும்ப வரவில்லை. எங்கள் மாவட்டத்தின் மிக நீளமான காத்திருப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

1948ல் சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டது. பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதற்குக் காகிதம் வேண்டும். தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்களுக்குக் காகிதம் ஏது? 1949ல் இன்னொரு சட்டத்தின் கீழ், இத்தனை வருடம் தொடர்ந்து வசித்தோம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள், பத்துப் பன்னிரண்டு வருடம் இழுத்து, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மீதிப் பேரை 1964 அக்டோபர் 30ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. ஏழு பேரைக் கப்பலேற்றினால் நாலு பேருக்கு அங்கே குடியுரிமை, அதுதான் விகிதம். எங்கள் தொழிலில் பாகப்பிரிவினைக்கு எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பத்திரத்தில் சொத்தாக இருந்தவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இந்தியாவுக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, குடும்ப அட்டை கொடுத்து, ஊர் ஊராக அனுப்பினார்கள். கொழுந்து பறித்தே பழகியவர்களுக்கு வியாபாரக் கடன் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னது அரசாங்கம். முதலீட்டாளர் குடியேற்றம் என்றால் இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் கடன் கரைந்து கட்டட வேலைக்கும் கல் உடைக்கவும் போனார்கள். பிறகு 1983 கலவரத்தை ஒட்டி அகதிகளாக வந்தவர்கள் வேறு. தும்பலஹள்ளி, நாகாவதி என்று எங்கள் மாவட்டத்து முகாம்கள் அணைக்கட்டுகளை ஒட்டி இருப்பதற்குக் காரணம், அணை கட்டிய பணியாளர்கள் விட்டுப்போன இடம் அங்கேதான் சும்மா கிடந்தது என்பார்கள்.

அப்படி ஒப்பந்தத்தில் திரும்பிய ஒரு வீட்டுப் பெண், 1981ல் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக வந்தாள். இங்கே படித்து ஆசிரியரானாள். உள்ளூர்ப் பொறியாளர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். காதல் கல்யாணம். மாமியார் வீட்டில் வருடக்கணக்கில் அவளுக்குப் பேர் ‘சிலோன்காரி’. மாப்பிள்ளை அமெரிக்கா போனார், கிரீன் கார்டு மனுப் போட்டார். அவர் பிறந்த மண் பென்னாகரம், ஆகவே இந்திய வரிசை. அப்புறம்தான் வழக்கறிஞர் கேட்டிருக்கிறார்: மனைவி எங்கே பிறந்தவர்? கணவன் மனைவி இருவரில் யாருடைய பிறந்த நாட்டு வரிசையை வேண்டுமானாலும் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நாட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1965 சட்டத்திலும் அது இருந்தது. இலங்கைக்கு அப்போது வரிசையே கிடையாது.

மாமியாரே என் கடைக்கு வந்தார். இலங்கையிலிருந்து பிறப்புச் சான்று வரவழைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மண்டபம் முகாம் முத்திரை குத்திய பழைய குடும்ப அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். நாலாவது பெயர் மருமகளுடையது, வயது 2 என்று மையில் எழுதியிருந்தது, ஓரம் கறையான். “எங்க சிலோன் பொண்ணு சாமி, பாத்து எழுதுங்க” என்றார். அந்த அம்மாவின் குரலில் இருந்த பெருமை போன மாதம் வரை எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. தொழில் நடக்க வேண்டும் அல்லவா. பதுளையில் விசாரித்து, தோட்டப் பதிவேட்டிலிருந்து சான்று வந்துசேர எட்டு மாதம் ஆனது. அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்குள் குடும்பத்துக்கே கார்டு வந்துவிட்டது. அதே அலுவலகத்தில், அதே நாளில் மனுப்போட்ட மாப்பிள்ளையின் நண்பர் அரூர்க்காரர் இன்னும் வரிசையில் இருக்கிறார்.

இப்போது புதிதாகத் ‘தங்க அட்டை’ என்கிறார்கள். 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் ஆணை போட்டார். பத்து லட்சம் டாலரை முதலீடாகக்கூட அல்ல, நன்கொடையாக அமெரிக்க அரசுக்கே கொடுத்துவிட வேண்டும். பாலக்கோட்டுப் பெரியவரின் பங்காளி ஒருவர் இதைச் செய்தியில் பார்த்துவிட்டு வந்து கேட்டார். சொன்னேன்: அதுவும் பழைய வேலைப் பிரிவுகளின் எண்ணிக்கைக்குள்தான் வருகிறது, அங்கேயும் 7 சதவீதம் உண்டு, காசைக் கொடுத்துவிட்டு பிறந்த நாட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். “காசும் போயி நிக்கவும் வேணுமா?” என்று கேட்டுவிட்டு, பட்டா மாறுதல் விஷயமாக வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பெரியவரின் மகனுக்கு மனு அங்கீகாரம் ஆகிவிட்டது. வருவது நிபந்தனைக் கார்டு, இரண்டு வருடத்துக்கு. அது முடிவதற்குள் பணம் குறித்த காலம் வரை முதலீட்டிலேயே இருந்தது, பத்துப் பேருக்கு வேலை உண்டானது என்று மறுபடி மனுப்போட வேண்டும். எந்தக் காகிதத்தைத் திரும்பக் கேட்பார்கள் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றிலும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொன்னேன். பெரியவர் அதற்கும் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.